மூச்சு வாங்க ஓடினால் வேகம் வராது

100 மீட்டரைப் பத்து முறை ஓடவிட்டு, இடையில் ஒரு நிமிடம் மட்டும் ஓய்வு கொடுப்பது பல மைதானங்களில் 'ஸ்பீடு ஒர்க்' என்ற பெயரில் நடக்கிறது. கடைசியில் எல்லாரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பார்கள். அதில் வளர்வது களைப்பைத் தாங்கும் திறன். அதுவும் தேவைதான், ஆனால் அது வேகப் பயிற்சி ஆகாது.

முழு வேக ஓட்டத்துக்குத் தசையில் இருக்கும் பாஸ்போகிரியேட்டின் என்ற உடனடி எரிபொருள் சில நொடிகளிலேயே பெருமளவு கரைந்துவிடும். அது மறுபடி நிரம்பச் சில நிமிடங்களாவது வேண்டும். அதற்குள் அடுத்த ஓட்டம் தொடங்கினால் உடல் மெதுவாக ஓடத்தான் பழகும். கைக்கணக்கு ஒன்று உண்டு: 10 மீட்டருக்கு ஒரு நிமிட ஓய்வு. 30 மீட்டர் ஓடினால் மூன்று நிமிடம். ஒரு நாளில் மொத்தம் 200 முதல் 300 மீட்டர், வாரத்தில் இரண்டு நாள், நடுவே 48 மணி நேர இடைவெளி. புதியவர்களுக்கு இதுவே தாராளம்.

ஓட எடுக்கும் நேரம் கூடத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும் என்பார்கள். ஆனால் கையால் அழுத்தும் ஸ்டாப்வாட்சில் 0.2 நொடி வரை பிழை வரும்; 30 மீட்டரில் அது பெரிய வித்தியாசம். செல்போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்துப் பாருங்கள். பாதம் இடுப்புக்கு வெகு முன்னால் விழுகிறதா, தோள் இறுகுகிறதா? அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது.

முதல் சில வாரங்கள் 10 முதல் 30 மீட்டர் வரையிலான புறப்பாட்டு ஓட்டம் போதும். இங்கே வழக்கமான தவறு, இரண்டாம் அடியிலேயே நிமிர்ந்துவிடுவது. சாய்ந்தபடி தரையைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அதன் பிறகுதான் 'ஃப்ளையிங்' ஓட்டம்: 25 மீட்டர் படிப்படியாக வேகமெடுத்து, அடுத்த 20 மீட்டர் முழு வேகம். தொடையின் பின்தசை கிழிவது பெரும்பாலும் இந்த வேகத்தில்தான். முன்னால் வீசிய காலை அந்தத் தசை இழுத்து நிறுத்தும் கணத்தில். அதனால் நார்டிக் கர்ல் பயிற்சியை (முட்டி போட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடலை மெல்ல முன்னால் சாய்ப்பது) முன்கூட்டியே தொடங்குங்கள். முதல் வாரம் 2 செட், செட்டுக்கு 4 முறை. ஆர்வத்தில் கூட்டினால் இரண்டு நாள் படியிறங்க முடியாது.

அஜிலிட்டி, அதாவது சட்டென்று திசை மாற்றும் திறன், என்றதும் தரையில் பயிற்சி ஏணியை விரிக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் ஏணிக்குள் கால்கள் துள்ளுகின்றனவே தவிர, ஓடும் உடலை நிறுத்துவதில்லை. திசை மாற்றத்தின் பாதி வேலை பிரேக் பிடிப்பது. 10 மீட்டர் ஓடி மூன்றே அடியில் நிற்கச் சொல்லுங்கள்; இடுப்பு தாழ வேண்டும், முட்டி உள்பக்கம் மடங்கக் கூடாது. மடங்கினால் முட்டித் தசைநாருக்கு ஆபத்து. அது சரியான பிறகே 45 டிகிரி திருப்பம், பின் 90, பின் 180.

திரும்ப வேண்டிய இடத்தைக் காட்டும் கோன் எங்கே இருக்கிறது என்று முன்பே தெரிந்தால் அது வெறும் திருப்பம்தான். எதிராளியைப் பார்த்து முடிவெடுப்பது வேறு திறமை. இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்தி, ஒருவர் விலகும் பக்கம் மற்றவரை விரட்டவிடுங்கள். ஐந்தாறு நொடிக்கு மேல் நீட்டாதீர்கள். இதற்கும் முழு ஓய்வு உண்டு.