ஏஸ் ஐந்தும் விநாடி முள்ளும்

பெங்களூரு மாரத்தஹள்ளியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமை ராத்திரி ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் கூடி, புளியங்கொட்டையை வைத்துப் போக்கர் ஆடுவோம். ஒரு அண்ணா மட்டும், அடுத்தவர் ஏற்றிய பிறகும் ஒரு ஏஸ், ஒரு ஐந்து மாதிரி சுமாரான சீட்டை வைத்துக்கொண்டு பந்தயத்தை அதற்கு மேல் ஏற்றுகிறார். அதற்கு முன் மணிக்கட்டை உள்பக்கமாகத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்க்கிறார். நல்ல நேரம் பார்க்கிறாரா?"

புளியங்கொட்டை என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் தடை செய்தது. அதில் சம்பளத்தையே தொலைத்த பையன்களை இந்த ஊரில் எனக்குத் தெரியும்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ஆளுக்கு 2 சீட்டு கவிழ்த்துத் தருவார்கள். அப்புறம்தான் நடுவில் பொதுச் சீட்டுகள் விழும். அவை விழுமுன் நடக்கிற பந்தயச் சுற்றுதான் பிரிஃப்ளாப். இருவர் சீட்டைப் பார்க்காமலே கட்டாயமாக வைக்க வேண்டும்: ஒருவர் அரை, மற்றவர் ஒன்று. நோ லிமிட் என்பதால் யாரும் தன்னிடம் உள்ள மொத்தத்தையும் ஒரே தள்ளாகத் தள்ளலாம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. 52 சீட்டிலிருந்து 2 சீட்டை 1,326 விதமாக எடுக்கலாம். அதில் ஏஸ் ஜோடி எத்தனை? நாலு ஏஸையும் மேசையில் விரித்துவிட்டு எண்ணுங்கள். ஸ்பேடு–ஆட்டின், ஸ்பேடு–டைமன், ஸ்பேடு–கிளாவர், ஆட்டின்–டைமன், ஆட்டின்–கிளாவர், டைமன்–கிளாவர். மொத்தம் 6. இப்போது ஸ்பேடு ஏஸை எடுத்து உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று ஜோடியும் மறைந்துவிட்டன! நாலில் ஒன்றை எடுத்தால் கால்பங்கு குறையும் என்றுதான் மனசு சொல்லும். ஆனால் பாதி போய்விட்டது. ஒவ்வொரு ஏஸும் மற்ற மூன்றோடு கைகோத்து நிற்பதால், ஒன்று விலகினால் மூன்று கைகள் அறுந்துபோகின்றன. முதல் தடவை இதை எண்ணிப் பார்த்த அன்று சீட்டுக்கட்டை ரொம்ப நேரம் கீழே வைக்க மனம் வரவில்லை.

ஏஸ்–ராஜா சேர்க்கை 16. உங்களிடம் ஒரு ஏஸ் இருந்தால் அது 12. ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ராணி ஜோடி, ஏஸ்–ராஜா ஆகியவற்றோடு மட்டுமே எதிராளி துணிந்து மோதுவார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 34 கைகள், அதாவது இரண்டு சீட்டுச் சேர்க்கைகள், இருந்த இடத்தில் இப்போது 27தான். நீங்கள் கையில் ஒரு ஏஸைப் பிடித்திருப்பதாலேயே அவருடைய பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு கரைந்துவிட்டது.

எதிராளி இரண்டரைக்கு ஏற்றியிருக்கிறார். கட்டாயத் தொகையோடு சேர்த்து நடுவில் 4 இருக்கிறது. அண்ணா 8 வைக்கிறார். மூன்று முறையில் இரண்டு முறை எல்லாரும் ஃபோல்டு செய்துவிட்டாலே, அதாவது சீட்டை வீசிவிட்டு விலகிவிட்டாலே, அவருக்கு நட்டமில்லை. மற்றவர் தொடர்ந்து வந்தாலும் ஏஸ் ஐந்து செத்த கை இல்லை. இரண்டும் ஸ்பேடு என்றால் ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு சேர்ந்து ஃபிளஷ் வரலாம். 2, 3, 4 விழுந்தால், ஏஸை ஒன்றாக வைத்து, அடுத்தடுத்த ஐந்து சீட்டான ஸ்ட்ரெயிட். ஏஸ் பத்திலும் அதே ஏஸ்தானே என்று கேட்கலாம். அது பந்தயத்துக்குச் சமமாக வைத்துவிட்டு ஆடத் தகுந்த கை. ஏற்றிவிட்டு, எதிராளி இன்னும் மேலே போனால் அதை வீசவேண்டி வரும். ஐந்தை வீசினால் அந்த வருத்தம் குறைவு.

அப்படியென்றால் ஒவ்வொரு முறையும் ஏற்றலாமா? கூடாது. எப்போதும் ஏற்றினால் எல்லாரும் பிடித்துவிடுவார்கள். ஒருபோதும் ஏற்றாவிட்டால், அவர் ஏற்றுவதே பெரிய சீட்டுக்கு அறிவிப்பாகிவிடும். சில சமயம் மட்டும் ஏற்ற வேண்டும். அந்த 'சில சமயம்' எந்த ஒழுங்கிலும் சேராததாக இருக்க வேண்டும். மனித மனத்துக்கு அது வராது. "இப்போதுதானே ஏற்றினோம்" என்று தடுக்கும். அதற்குத்தான் கடிகாரம். ஏஸ் ஐந்து வந்தால், விநாடி முள் 20-க்குக் கீழே இருக்கும்போது ஏற்று, இல்லையென்றால் ஃபோல்டு. கலைத்த கட்டின் வரிசையை ராகுகாலமும் மாற்றாது, ராசியான நாற்காலியும் மாற்றாது. அவர் நேரத்தைப் பார்ப்பது அது எதோடும் தொடர்பில்லாத எண் என்பதால்தான்.

இப்படிக் கலந்து ஆடுவதன் கணிதத்தைக் கணித மேதை வான் நாய்மன் 1928-இல் நிறுவினார். 2017-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் எழுதிய லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல், தன்னோடு தானே ஆடிக் கற்று, 1,20,000 போக்கர் ஆட்டங்களில் நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தோற்கடித்தது. சீட்டாட்டத்துக்கா ஆராய்ச்சிப் பணம் என்று கேட்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் சோதனைச் சாவடியை எங்கே, எப்போது வைப்பது என்பதை 2007-இல் இதே கணிதத்தை, அதாவது ஆட்டக் கோட்பாட்டைக் கொண்டுதான் மாற்றி மாற்றி அமைத்தார்கள். நம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இந்தத் துறைக்கு இன்னும் பணம் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

மணிக்கட்டை ஏன் உள்பக்கம் திருப்புகிறார்? முள் 40-இல் நிற்கும்போது அவர் ஏற்றினால், அது ஏஸ் ஐந்து இல்லை என்று எட்டிப் பார்த்தவருக்குத் தெரிந்துவிடுமே.