முன்கள வீரரின் தொடைத் தசை

கொழும்பு, கொம்பனித்தெருவில் உள்ள சிட்டி லீக் மைதானத்தின் ஓரத்தில் நின்று உதைபந்தாட்டம் பார்ப்பவர்கள், முன்கள வீரரை அவர் அடித்த கோல்களை எண்ணியே மதிப்பிடுகிறார்கள். ஆனால் அவருடைய தொழில் வாழ்க்கை எவ்வளவு காலம் நீடிக்கும் என்பது பெரும்பாலும் தொடையின் பின்புறத்தில் இருக்கும் ஹாம்ஸ்ட்ரிங் எனும் தசைத்தொகுதியையும், வேகம் குறையும்போது அவர் அதை எதனால் ஈடுசெய்கிறார் என்பதையும் பொறுத்தது.

90 நிமிட ஆட்டத்தில் களவீரர் ஒருவர் ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தூரத்தைக் கடக்கிறார். அதில் பெரும்பகுதி நடையும் மெதுவோட்டமுமே. பாதுகாப்பு வீரரைத் தாண்டிச் செல்லும் விரைவோட்டம் சில செக்கன்களில் முடிந்துவிடும். அவ்வளவு குறுகிய நேரத்தில் ஒக்சிசனை நம்பியிருக்க முடியாது என்பதால், தசைக்குள் ஏற்கெனவே இருக்கும் ஏ.ரி.பி. என்ற சேர்வையும், அதை உடனுக்குடன் மீளுருவாக்கும் கிரியற்றீன் பொசுபேற்றும் சக்தியை வழங்குகின்றன. இந்தச் சேமிப்பு விரைவில் தீர்ந்துவிடும். பெருமளவு மீண்டும் நிரம்ப இரண்டு மூன்று நிமிடங்கள் வேண்டும். ஆகவே, நடுக்கோட்டருகே அசையாமல் நிற்கும் வீரரைப் பார்த்து "ஓடு தம்பி" என்று கூச்சலிடுவது எப்போதும் நியாயமாகாது.

முழுவேகத்தில் ஓடும்போது, பாதம் நிலத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னர், கீழ்க்கால் முன்னோக்கி வீசப்படுகிறது. அந்த வீச்சை அடக்கும் பொறுப்பு ஹாம்ஸ்ட்ரிங்கினுடையது. நீண்டுகொண்டே சுருங்க முயலும் அந்தக் கணத்தில்தான் தசை கிழிவது வழக்கம். ஆறிய இடத்தில் உருவாகும் வடு இழையம் பழைய தசையைப் போல நெகிழ்வதில்லை. எனவே ஒருமுறை காயமடைந்தவருக்கு மீண்டும் அதே காயம் ஏற்படும் வாய்ப்பு அதிகம். இங்கிலாந்தின் மைக்கேல் ஓவன் 1998 உலகக் கிண்ணத்தில், 18 வயதில், ஆர்ஜன்டீனாவுக்கு எதிராக அடித்த கோல் முழுக்க முழுக்க வேகத்தின் விளைவு. மறு ஆண்டே அவருடைய ஹாம்ஸ்ட்ரிங் கிழிந்தது. 2001இல் ஐரோப்பாவின் சிறந்த வீரராகத் தெரிவானபோதும், காயங்கள் தொடர, 2013இல் 33 வயதில் ஓய்வுபெற்றார்.

ஜேர்மனியின் மிரோஸ்லாவ் குளோசே 2014இல், 36 வயதில், தமது 16ஆவது உலகக் கிண்ணக் கோலை அடித்துச் சாதனை படைத்தார். அவருடைய பலம் ஓட்டத்தைவிட இடந்தெரிதலில் இருந்தது. கோல்கம்பங்களுக்கு இடையிலான அகலம் 7.32 மீற்றர். பெனால்ட்டிப் புள்ளியில் நிற்பவருக்கு அந்த வாயில் சுமார் 37 பாகைக் கோணத்தில் திறந்திருக்கும். கோல்கோட்டிலிருந்து அதே 11 மீற்றர் தூரத்தில் 15 மீற்றர் பக்கவாட்டில் விலகியவருக்கோ வெறும் 14 பாகைதான் கிடைக்கும். நல்ல கோணமுள்ள இடத்துக்குப் பந்து எப்போது வரும் என்று முன்கூட்டியே ஊகித்துப் புறப்படுபவர், அரை அடி முந்திவிடுகிறார். வேகமாகச் சுருங்கும் தசைநார்கள் வயதோடு குறைகின்றன. இந்த ஊகமோ ஆட்டங்களின் எண்ணிக்கையோடு கூர்மையாகிறது. என் கணிப்பில், முப்பதைத் தாண்டிய முன்கள வீரர் நிலைப்பதும் விலகுவதும் இந்த மாற்றத்தைச் செய்துகொள்வதில்தான் இருக்கிறது.

கொழும்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். கடற்கரை நகரத்தின் ஈரக்காற்றில் அது வழிந்தோடுகிறதே தவிர, எளிதில் ஆவியாவதில்லை. வெப்பத்தை வெளியேற்றத் தோலை நோக்கி இரத்தம் அதிகமாகப் பாயும்போது, உழைக்கும் தசைகள் சீக்கிரம் களைக்கின்றன. களைத்த தசையால் வீச்சை அடக்குவது கடினம். ஹாம்ஸ்ட்ரிங் காயங்கள் ஒவ்வொரு பாதியின் இறுதியிலும் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வரும் வீரர்களுக்கு, நீரும் தூக்கமும் பற்றிய கவனம் இருமடங்கு தேவை.

இதற்கான தடுப்பு மலிவானது. முழங்காலில் நின்று, கணுக்கால்களைத் தோழர் பிடித்திருக்க, உடலை நேராக வைத்தபடி மெதுவாக முன்னோக்கிச் சாயும் நோர்டிக் பயிற்சிக்கு எந்தக் கருவியும் வேண்டாம். நீளும்போதே தாங்கும் வலிமையை அது தசைக்குக் கற்பிக்கிறது. ஆய்வுகளில் இத்தகைய காயங்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துள்ளது. முதல் வாரங்களில் தசை வலிக்கும் என்பதால், பல வீரர்கள் அப்போதே கைவிட்டுவிடுகிறார்கள். போட்டிக்கு முந்தைய நாளைத் தவிர்த்து, குறைந்த எண்ணிக்கையில் தொடங்கினால் அந்த வலி தணிந்துவிடும்.