நடுவானில் கதவைத் திறக்க முடியுமா? குக்கர் மூடியைக் கேளுங்கள்

குடியாத்தத்திலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்தார். டெல்லியில் இருக்கும் மகளைப் பார்க்க முதல் முறையாக விமானம் ஏறப் போகிறார், இறக்கைக்கு மேலே இருக்கிற அவசரக் கதவை ஒட்டிய சீட் கிடைத்திருக்கிறது. "பக்கத்துல உக்கார்ற ஆளு நடுவானத்துல அதைத் திறந்துட்டா என்ன ஆகும் தம்பி?" என்பது அவர் கேள்வி. சொந்தக்காரர் ஒருவர் கையில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளச் சொன்னாராம்.

பழம் வேண்டாம் அக்கா. உங்களைக் காப்பாற்றுவது காற்று.

ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது காது அடைப்பதும், பையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதும் நமக்குத் தெரியும். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. விமானம் பறக்கும் 10, 11 கிலோமீட்டர் உயரத்தில் அது தரையில் இருப்பதில் கால் பங்குதான். அங்கே மூச்சு விட முடியாது என்பதால் விமானத்துக்குள் காற்றை அடைத்து, ஏறக்குறைய ஊட்டி உயரத்தில் இருக்கும் அழுத்தத்தில், அதாவது முக்கால் பங்கில், வைத்திருக்கிறார்கள். உள்ளே முக்கால், வெளியே கால், வித்தியாசம் அரை. இந்த அரைதான் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 5 டன் எடையோடு உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் கதவு பிய்த்துக்கொண்டு போகாதா என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. ஹாக்கின்ஸ் மாதிரி உள்மூடி குக்கர் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மூடியைச் சாய்த்து உள்ளே நுழைத்து, நிமிர்த்தி, விளிம்புக்கு அடியிலிருந்து மேலே இழுத்து மாட்டுவோம். ஆவி ஏற ஏற அது மூடியை விளிம்போடு சேர்த்து அழுத்தும். அடுப்பை அணைத்த உடனே கைப்பிடிக் கொக்கியை விடுவித்தாலும் மூடி அசையாது, யார் பலம் போட்டாலும் அசையாது. ஆவி முழுக்க அடங்கியதும் தானாகவே 'டொக்' என்று உள்ளே இறங்கும். திறக்கத் தடையாக நிற்பதும் அழுத்தம்தான், இறுக்கிப் பூட்டுவதும் அதே அழுத்தம்தான். விசில் வரும் நேரத்தில் குக்கருக்குள் இருக்கும் வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதிதான் விமானத்தில், ஆனால் கதவு எத்தனை பெரிசு! ஏ320 விமானத்தில் இறக்கைக்கு மேலே இருக்கும் அந்தச் சின்னக் கதவு ஏறத்தாழ அரை சதுர மீட்டர், அதன்மேல் இரண்டரை டன், அதாவது நான்கு மாருதி 800 கார்களின் எடை. அதை உள்பக்கம் இழுத்தால்தான் திறக்கும். எந்த பயில்வானாலும் முடியாது.

எல்லாக் கதவும் அப்படியே குக்கர் மூடி இல்லை. சில கதவுகள் கொஞ்சம் மேலே எழும்பி அப்புறம் வெளியே போகும், அவற்றிலும் அழுத்தம் கதவைத் தடுப்புகளில் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. இப்போதைய போயிங் 737 விமானங்களின் இறக்கைக் கதவு வெளிப்பக்கம் திறப்பது, அதற்குப் பறக்கும்போது மின்பூட்டு விழுந்திருக்கும். சரக்குக் கதவுகளை இடம் மிச்சம் பிடிக்க வெளிப்பக்கம் திறக்கும்படி செய்தபோது என்ன நடந்தது என்பதை 1974 மார்ச் 3 அன்று பாரிஸ் அருகே பார்த்தோம். டிசி-10 விமானத்தின் சரக்குக் கதவு சரியாகப் பூட்டாமல் பிய்த்துக்கொண்டு போய் 346 பேர் இறந்தார்கள்.

சரி, ஆபத்து எப்போது? தரையை நெருங்க நெருங்க உள்ளும் புறமும் அழுத்தம் ஒன்றாகிவிடும், ஆவி அடங்கிய குக்கர் மாதிரி. 2023 மே 26 அன்று தென்கொரியாவில் டேகு நகரில் இறங்கப்போன விமானத்தில், தரைக்குச் சுமார் 200 மீட்டர் உயரத்தில் ஒரு பயணி கதவைத் திறந்தேவிட்டார். நல்லவேளை, 194 பயணிகளும் உயிரோடு இறங்கினார்கள். சென்னையில் 2022 டிசம்பரில் திருச்சிக்குக் கிளம்ப நின்ற விமானத்தில் ஒருவர் தரையிலேயே அவசரக் கதவைத் திறந்தார். விமானம் தரையில் நிற்கும்போதும், தரையை ஒட்டிப் பறக்கும் அந்தச் சில நிமிடங்களிலும் காற்று காவல் இல்லை, அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் காவல். யாராவது கைப்பிடியில் கை வைத்தால் உடனே குரல் கொடுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

அதே கதவை நீங்களே திறக்க வேண்டிய நேரமும் வரலாம். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் தீப்பிடித்த விமானத்தில், 8 கதவுகளில் 3 மட்டுமே பயன்பட, 379 பேரும் வெளியேறினார்கள். பெட்டியை எடுக்க யாரும் நின்றுகொண்டிருக்கவில்லை என்பதும் அதற்கு முக்கியக் காரணம்.

இதையெல்லாம் பிள்ளைகளுக்குக் கையில் தொட்டுக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. ராணிப்பேட்டையோ ஆம்பூரோ, ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஒரு சின்ன வேக்குவம் பம்பும் ஒரு உள்மூடி குக்கரும் வாங்கித் தரலாம். காற்றழுத்தத்தின் வரையறையை இரண்டு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு அந்த 'டொக்' சத்தம் போதும்.

அக்கா, கிளம்பும் முன் பணிப்பெண் வந்து, அவசரத்தில் உதவச் சம்மதமா என்று கேட்பார். ஏ320 இறக்கைக் கதவின் எடை சுமார் 15 கிலோ, அதாவது வீட்டில் இருக்கும் காலி கேஸ் சிலிண்டர் அளவு. இன்றைக்கே அதை இரண்டு கையாலும் ஒரு முறை இடுப்புக்கு மேலே தூக்கிப் பாருங்கள். முடிந்தால் சரி என்று சொல்லி, முன்சீட்டுப் பையில் இருக்கும் படம் போட்ட அட்டையை எடுத்து, கைப்பிடியை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று பார்த்துவையுங்கள். முடியவில்லை என்றால் வேறு சீட் கேளுங்கள், மாற்றிக் கொடுப்பார்கள்.