துருவ ஏரியின் நீரை ஒற்றை எண்ணால் அளக்க முடியாது

நீர்ப் பகுப்பாய்வுக் கூடத்தில் பணிபுரிகிற எங்களிடம் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பனி உருகுவதால் அண்டார்டிகாவின் உப்பு ஏரிகளெல்லாம் நன்னீராகி வருகின்றனவாமே, உண்மைதானா?" மேல்மட்ட நீரின் மின்கடத்துதிறன் (கரைந்த உப்பு கூடினால் கூடும் அளவு) குறைந்துவிட்டது என்ற ஒரே அளவீட்டை வைத்துக்கொண்டு இந்த முடிவுக்கு வருகிறார்கள். நம் ஊர்க் கிணற்றுக்கு அந்த ஓர் எண் ஓரளவு போதும். துருவ ஏரிக்குப் போதாது. அங்கே ஒரே ஏரியில் வெவ்வேறு காலங்களில் வந்து சேர்ந்த நீர்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அடுக்கடுக்காக நிற்கின்றன. ஓர் அடுக்கின் கணக்கு மற்றோர் அடுக்குக்குப் பொருந்தாது.

அண்டார்டிகாவில் பனி மூடாத மக்மர்டோ உலர் பள்ளத்தாக்குகளில், ரைட் பள்ளத்தாக்கில் இருக்கும் வாண்டா ஏரியை எடுத்துக்கொள்வோம். சுமார் 75 மீட்டர் ஆழமுள்ள அந்த ஏரியை ஆண்டு முழுவதும் மூன்று, நான்கு மீட்டர் தடிமனுள்ள பனிக்கட்டி மூடியிருக்கிறது. அதன் கீழே முதலில் இருப்பது நல்ல நன்னீர். அடித்தட்டில் இருப்பதோ கடல்நீரைவிட மூன்று மடங்குக்கும் மேல் உப்புள்ள, கால்சியம் குளோரைடு மிகுந்த, ஆக்சிஜன் இல்லாத நீர். தெளிவான பனிக்கட்டியின் வழியே ஊடுருவும் கோடை வெயிலின் வெப்பம் அந்த அடித்தட்டில் தங்கிவிடுவதால் அங்கே வெப்பநிலை சுமார் 25 டிகிரி செல்சியஸ் வரை இருக்கிறது. வெதுவெதுப்பான நீர் மேலே ஏறிவர வேண்டியதுதானே என்று தோன்றும். உப்பின் கனம் அதை மேலெழ விடுவதில்லை.

இந்த உப்பு எப்படிச் சேர்ந்தது? வாண்டா ஏரிக்கு நீர் வரத்து உண்டு, வெளியேற வழி இல்லை. கோடையில் சில வாரங்கள் மட்டும் ஓடும் ஓனிக்ஸ் ஆறு பனியாற்றின் உருகுநீரைக் கொண்டுவந்து சேர்க்கிறது. பாறைகளிலிருந்து கரைந்ததும், கடற்காற்றோடு வந்து பனியில் படிந்ததுமான அயனிகள் (கரைந்த உப்பின் மின்னேற்றத் துகள்கள்) அந்த நீரில் மிகச் சிறிதளவே இருக்கும். ஆனால் பனிக்கட்டியின் மேற்பரப்பு பதங்கமாதலாலும் (உருகாமல் நேரே ஆவியாவதாலும்), கோடையில் கரையோரம் திறக்கும் நீர் ஆவியாதலாலும் ஏரி இழப்பது வெறும் நீரை மட்டுமே. அயனி ஒன்றுகூட வெளியேறாது. போதாக்குறைக்கு, பனிக்கட்டி உறையும்போது தன் படிக அமைப்பில் உப்பைச் சேர்த்துக்கொள்ளாமல் கீழே உள்ள நீருக்கே தள்ளிவிடுகிறது.

நீர் இப்படிச் செறிவடையும்போது எல்லா உப்பும் ஒரே விகிதத்தில் கூடுவதில்லை என்பதுதான் எங்கள் துறையினர் கூர்ந்து கவனிக்க வேண்டிய இடம். முதலில் கால்சியம் கார்பனேட் படிகிறது. கடல்நீர் உறையும்போது ஏறத்தாழ மைனஸ் 6 டிகிரியில் சோடியம் சல்ஃபேட், மிராபிலைட் என்னும் கனிமமாகப் பிரிகிறது; மைனஸ் 22 டிகிரிக்கு அருகில் சாதாரண உப்பே நீரோடு சேர்ந்த படிகமாக வெளியேறத் தொடங்குகிறது. எஞ்சுவது கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் குளோரைடுகள். அதே பள்ளத்தாக்கில் உள்ள டான் யுவான் குட்டை ஏறக்குறைய மைனஸ் 50 டிகிரி வரை உறையாமல் கிடப்பதற்கு அதன் கால்சியம் குளோரைடே காரணம். ஆகவே மொத்த உப்பின் அளவைவிட, சோடியத்துக்கும் குளோரைடுக்கும் உள்ள விகிதம் ஏரியின் கடந்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்லும்.

அந்தக் கடந்த காலத்தை ஆண்டுக்கணக்கிலேயே மதிப்பிட முடிந்தது. நியூசிலாந்து வேதியியலாளர் ஏ. டி. வில்சன் 1964-இல் வெளியிட்ட கணக்கு இன்றைக்கும் எனக்கு வியப்பைத் தருகிறது. ஏரி ஒரு காலத்தில் வற்றிச் செறிந்த உப்புக் குட்டையாகிவிட்டது என்றும், பிறகு தட்பவெப்பம் மாறி வந்த உருகுநீர் அதன்மேல் நன்னீராகப் பரவி நின்றது என்றும் அவர் கொண்டார். அசையாத நீரில் குளோரைடு அயனி விரவலால், அதாவது செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானே மெல்லப் பரவுவதால் மட்டுமே மேலே ஏற முடியும். ஓராண்டில் அது கடப்பது தோராயமாகக் கால் மீட்டர், பரவல் போகப்போக மெதுவாவதால் நூறு ஆண்டில் அதன் பத்து மடங்குதான். ஏரியில் ஆழத்துக்கு ஆழம் குளோரைடு எவ்வாறு குறைந்து வருகிறது என்பதை அளந்து, நன்னீர் வந்து சுமார் 1,200 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும் என்று அவர் கணித்தார்.

இப்போது மாணவர்களின் கேள்விக்கு வருவோம். நீர்மட்டம் உயர்வது உண்மை. டெய்லர் பள்ளத்தாக்கின் பானி ஏரியில் இரு பகுதிகளை இணைக்கும் இடுக்கு 1903-இல் பிரிட்டிஷ் துருவ ஆய்வுப் பயணி ஸ்காட்டின் குழு அளந்தபோது ஐந்து மீட்டர் அளவே அகலமாக இருந்தது; இன்று அது பல மடங்கு அகன்றுவிட்டது. ஏற்றம் சீராகவும் இல்லை. 1986 முதல் 2000 வரை அந்தப் பள்ளத்தாக்குகள் குளிர்ந்து, ஏரிகளின் மட்டம் தாழ்ந்தது. 2001-02 கோடையில் வந்த ஒரே பெருவெள்ளம் அந்த இழப்பின் பெரும்பகுதியை ஈடுகட்டியது. புதுநீர் மேலே வந்து நிற்க, பழைய உப்பு கீழே அப்படியே இருக்கிறது. மேலடுக்கு நீர்த்துப்போனதை ஏரியே நன்னீராகிவிட்டதாகச் சொன்னால், உப்பின் மொத்த இருப்பைக் கணக்கில் கொள்ளாமல் விட்டவர்களாவோம்.

இதனால் பழைய அறிக்கையோடு புதியதை ஒப்பிடும்போது ஒரு சிக்கல் எழுகிறது. "பத்து மீட்டர் ஆழம்" என்று முன்பு குறித்த நீரும் இன்று அதே ஆழத்தில் எடுக்கும் நீரும் ஒன்றல்ல, ஏனென்றால் மேற்பரப்பே உயர்ந்துவிட்டது. மாதிரியின் ஆழத்தைக் கடல்மட்டத்திலிருந்தான உயரமாக மாற்றிக்கொள்ளாமல் வரைபடம் போடக் கூடாது. பனிக்கட்டிக்குக் கீழிருந்து எடுத்த மாதிரியையும் கரையோரத் திறந்த நீரில் மொண்ட மாதிரியையும் அட்டவணையின் ஒரே பத்தியில் சேர்ப்பதும் தவறுதான்.

ஆய்வகத்தில் இதைவிட எளிதில் தப்பிவிடும் பிழை, பயணத்தில் உறைந்துபோன புட்டி. உறையும்போது எஞ்சிய திரவம் செறிவடைந்து கால்சியம் கார்பனேட் வெண்பொடியாகப் படிகிறது. உருகிய பிறகும் அது முழுவதும் கரைவதில்லை. அளந்தால் கால்சியமும் காரத்தன்மையும் (அமிலத்தை ஈடுகட்டும் கார்பனேட், பைகார்பனேட் அளவும்) குறைவாக வரும். இரண்டும் மின்னேற்றக் கணக்கில் சம அளவு குறைவதால் நேர், எதிர் அயனிகளின் கூட்டல் பிசகாமல் ஒத்துப்போகும். அயனிச் சமநிலை ஐந்து விழுக்காட்டுக்குள் இருக்கிறது என்று பகுப்பாய்வாளர் நிறைவோடு கையெழுத்திட்டு விடுவார். ஏரியில் காரத்தன்மை குறைந்துவிட்டதாக அறிக்கை சொல்லும். குறைந்தது உண்மையில் புட்டிக்குள்தான். எனவே பி.ஹெச். அளவையும் காரத்தன்மையையும் ஏரிக்கரையிலேயே அளந்துவிட வேண்டும். மாதிரியை 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டி, நேரயனிகளுக்கான புட்டியில் மட்டும் நைட்ரிக் அமிலம் சேர்த்து, மற்றவற்றை உறையவிடாமல் குளிரில் கொண்டுவர வேண்டும். வடிகட்டாமல் அமிலம் சேர்த்தால் மிதக்கும் மண்ணும் கரைந்து அளவைக் கூட்டிவிடும். உருகுநீர் போன்ற மிக மெல்லிய நீரில் கையுறையின்றித் தொட்ட விரலின் வியர்வையே சோடியமாகவும் குளோரைடாகவும் பதிவாகும்.

மனிதர்கள் அருகில் தங்கும் ஏரிகளில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை. 1989 முதல் இயங்கும் இந்தியாவின் மைத்ரி நிலையம் ஷிர்மாக்கர் பாறைத்திட்டில் இருக்கிறது. அதற்கான நீர் பக்கத்திலுள்ள பிரியதர்ஷினி ஏரியிலிருந்து எடுக்கப்படுகிறது. பாஸ்பரஸ் மிகக் குறைந்த இத்தகைய நீரில் சமையலறைக் கழிவுநீர் சிறிதளவு கலந்தாலும் பாசி வளர்ச்சி மாறக்கூடும். அண்டார்டிகாவின் சுற்றுச்சூழலைக் காக்க நாடுகள் செய்துகொண்ட 1991-ஆம் ஆண்டின் மாட்ரிட் நெறிமுறை, பனியில்லாத நிலத்திலும் நன்னீர் நிலைகளிலும் கழிவைக் கொட்டுவதைத் தடை செய்தது இதனால்தான் பொருத்தமாகிறது. வாண்டா ஏரிக்கரையில் நியூசிலாந்து 1960களின் இறுதியில் அமைத்த நிலையத்தை, ஏறிவந்த ஏரிநீர் நெருங்கிவிட்டதால் 1990களின் முற்பகுதியில் அகற்ற வேண்டியிருந்தது. கட்டடங்களை மட்டும் பெயர்த்துச் சென்றிருந்தால் பழைய கழிவுநீர் ஓடையின் மண்ணை ஏரி நனைத்து, பாஸ்பேட்டையும் உலோகங்களையும் தன்னுள் இழுத்துக்கொண்டிருக்கும். வெளியேற வழியில்லாத ஏரியில் அவை அங்கேயே தங்கிவிடும். அதனால் மாசடைந்த மண்ணையும் தோண்டி எடுத்துச் சென்றார்கள்.