ஒன்றரை மாச ஊசிக்குப் போறப்ப அந்த சிவப்பு மச்சத்தையும் காட்டுங்க

குழந்தை பிறந்தப்ப ஒண்ணுமே இருக்காது, இல்லன்னா கொசு கடிச்ச மாதிரி லேசா ஒரு சிவப்பு, ரெண்டு மூணு வாரம் கழிச்சு பாத்தா அது தடிச்சு ஸ்ட்ராபெரி பழத்தை ஒட்டவச்ச மாதிரி பளபளன்னு நிக்கும். உடனே வீட்ல "கிரகணத்தப்ப வெளிய வந்திருப்பா"ன்னு பெத்தவ மேல பழி. அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் கிடையாதுங்க. இது இன்ஃபன்டைல் ஹீமாஞ்சியோமா, ரத்தக்குழாய் செல்கள் அளவுக்கு மீறி பெருகுறதால வர்ற கட்டி, கேன்சர் இல்ல. நூறு குழந்தைல நாலஞ்சுக்கு வரும், பெண் குழந்தைக்கும் குறைமாசத்துல பிறந்த குழந்தைக்கும் கொஞ்சம் ஜாஸ்தி. இந்த செல்கள்ல க்ளூட்-1னு ஒரு புரதம் இருக்கு, சாதாரண தோல் ரத்தக்குழாய்ல அது கிடையாது, ஆனா நஞ்சுக்கொடியோட ரத்தக்குழாய்ல இருக்கு! அதனால நஞ்சுக்கொடிக்கும் இதுக்கும் ஏதோ உறவு இருக்குன்னு ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறாங்க.

"தானா போயிடும், விடு"ன்னு சொல்றது பாதி உண்மை. முதுகுல, கைல சின்னதா இருந்தா பெரும்பாலும் நாலு வயசுக்குள்ள மங்கிடும். ஆனா இது வேகமா வளர்றது எப்பன்னு பாருங்க, அஞ்சுலேந்து எட்டாவது வாரம் வரைக்கும். மூணு மாசத்துல அது ஆகப்போற சைஸ்ல 80 சதவீதம் வந்துடும். ஆறு மாசம் ஆகட்டும்னு காத்திருந்தா, கண் இமைல வந்தது அதுக்குள்ள பார்வையை மறைச்சு அந்தக் கண்ணையே மந்தமாக்கிடலாம், மூக்கு நுனில வந்தது மூக்கோட வடிவத்தை மாத்திடலாம். தாடி வளர்ற இடத்துல பரவலா இருந்தா உள்ள மூச்சுக்குழாய்லயும் இருக்க வாய்ப்பு உண்டு, குழந்தை மூச்சு இழுக்கும்போது கர்ருனு சத்தம் கேட்டா அன்னைக்கே ஆஸ்பத்திரி. உடம்புல அஞ்சு, அதுக்கு மேல இருந்தா கல்லீரலுக்கு ஒரு ஸ்கேன் எடுக்கணும்.

நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல ஆறாவது வாரம் போடறோமே ஒன்றரை மாச ஊசி, அது சரியா இந்த வளர்ச்சி உச்சத்துல இருக்கற நேரம். ஸ்பெஷலிஸ்ட் இல்லாத ஊர்லயும் ஊசிக்குக் குழந்தை வந்துடும். அப்ப நர்ஸம்மா சட்டையைக் கழட்டி ஒரு தடவை முழுசா பாத்தா போதும்.

மருந்து கிடைச்ச கதையைக் கேளுங்க. பிரான்ஸ்ல போர்டோ நகரத்துல ஒரு குழந்தைக்கு மூக்குல இந்தக் கட்டி, ஸ்டீராய்டு குடுத்ததுல இதயத் தசை தடிச்சுப்போச்சு, அதுக்காக ப்ரோப்ரனலால் குடுத்தாங்க. மறுநாளே செக்கச்செவேல்னு இருந்த கட்டி ஊதா நிறமாகி மெத்துன்னு ஆயிடுச்சு. டாக்டர் கிறிஸ்டின் லியோத்தே-லாப்ரெஸ் குழு இதை 2008-ல வெளியிட்டாங்க. 2015-ல வந்த பெரிய ஆய்வுல ஆறு மாசம் மருந்து குடிச்ச குழந்தைகள்ல 60 சதவீதத்துக்கு கட்டி முழுசா இல்ல கிட்டத்தட்ட முழுசா போச்சு, மருந்து கலக்காத வெறும் சிரப் குடிச்சவங்கள்ல 4 சதவீதம்தான். முதல்ல ரத்தக்குழாய் சுருங்குது, அப்புறம் புதுக்குழாய் முளைக்கச் சொல்ற சிக்னல் குறையுது. எனக்கு இதுல பிடிச்ச விஷயம், இது 1960-கள்லேந்து ப்ரஷருக்கும் இதயத்துக்கும் குடுக்கற பழைய மாத்திரை, எந்த ஊர் மெடிக்கல்லயும் சில ரூபாய்க்குக் கிடைக்கும். குழந்தைக்குன்னே வர்ற சிரப் இல்லன்னா டாக்டர் எடைக்கு கணக்கு போட்டு மாத்திரையைக் கரைச்சு சிரிஞ்ச்ல அளந்து குடுக்கச் சொல்வாங்க. தோல் மேலாப்புல மெலிசா இருக்கறதுக்கு க்ளாக்கோமாவுக்குக் கண்ல விடற டிமலால் சொட்டு மருந்தையே மேல தடவச் சொல்றதும் உண்டு, புண்ணா இருந்தா மட்டும் தடவக்கூடாது.

ஆனா மலிவுங்கறதால நீங்களா வாங்கிக் குடுத்துடாதீங்க. 10 மில்லிகிராம் அட்டையும் 40 அட்டையும் பாக்க ஒண்ணு போலவே இருக்கலாம், மாறிப்போனா நாலு மடங்கு. பெரிய ஆபத்து சர்க்கரை இறங்கறதுதான். பால் குடிச்ச கையோட குடுக்கணும், வாந்தி எடுத்தாலோ பால் குடிக்காம இருந்தாலோ அன்னிக்கு மருந்து நிறுத்திட்டு டாக்டருக்கு போன் பண்ணணும், வீசிங் வந்தாலும் அப்படித்தான். முதல் டோஸ் குடுத்தப்புறம் ரெண்டு மணி நேரம் நாடித்துடிப்பும் ப்ரஷரும் பாக்கணும், அதுக்குப் பெரிய ஆஸ்பத்திரி வேணும்னு இல்ல, குழந்தைக்கான ப்ரஷர் பட்டையும் ஸ்டெதாஸ்கோப்பும் பொறுமையான ஒரு நர்ஸும் போதும். குறைமாசக் குழந்தை, அஞ்சு வாரத்துக்குக் கீழ இருக்கறது, இதயப் பிரச்சனை இருக்கறதுன்னா மட்டும் அட்மிட் பண்ணித்தான் ஆரம்பிக்கணும். கட்டி சின்னதாயிடுச்சேன்னு ரெண்டு மாசத்துல நிறுத்தினா மறுபடி வளரலாம், பெரும்பாலும் ஒரு வயசு வரைக்கும் குடுப்பாங்க.

ஸ்பெஷலிஸ்ட்டைப் பாக்கற வரைக்கும் போன்ல வாரம் ஒரு போட்டோ எடுங்க, பகல் வெளிச்சத்துல, பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு. தோல் டாக்டர் நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் மூணு வாரப் போட்டோவை வரிசையா பாத்தா, குழந்தையை உடனே கூட்டிட்டு வரணுமா, அங்கயே வச்சு பாத்துக்கலாமான்னு அவரால சொல்லிட முடியும்.