உள்ளாட்சிப் பணம் ஒழுகும் இடங்கள்

களக்காட்டு வாழைத்தாரும் கல்லிடைக்குறிச்சி அப்பளமும் வெளியூர்ச் சந்தைக்குப் போக உள்ளூர்த் தெருக்களைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தெரு குண்டும் குழியுமானால் லாரி வாடகை ஏறும். தண்ணீரை விலைக்கு வாங்கினால் சரக்கின் அடக்கவிலை ஏறும். சிக்கனம் என்ற பெயரில் உள்ளாட்சி வேலைகளை நிறுத்தினால் இந்த இரண்டும்தான் நடக்கும். கேள்வி இல்லாமல் போகும் செலவில்தான் கை வைக்க வேண்டும்.

அதில் முதலாவது குடிநீர் மோட்டாரின் மின்கட்டணம். 10 குதிரைத்திறன் மோட்டார் முழுச் சுமையில் மணிக்கு ஏறக்குறைய எட்டரை யூனிட் இழுக்கும். தினம் 8 மணி நேரம் ஓடினால் மாதம் இரண்டாயிரம் யூனிட்டைத் தாண்டும். இது சரியான செலவா என்று அறிய ஒரு கைக்கடிகாரம் போதும். மேல்நிலைத் தொட்டியின் வெளியேறும் வால்வை அடைத்துவிட்டு, தொட்டி நிறையும் நேரத்தைக் குறியுங்கள். முன்பு 2 மணி நேரத்தில் நிறைந்த தொட்டி இப்போது இரண்டரை மணி நேரம் எடுத்தால், அதே தண்ணீருக்குக் கால் பங்கு வரை கூடுதல் மின்சாரம் போகிறது. நேரம் சிறுகச் சிறுகக் கூடினால் பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்திருக்கும், அல்லது கோடையில் ஆழ்துளைக் கிணற்றின் மட்டம் இறங்கியிருக்கும். ஒரே நாளில் கூடினால் தொட்டிக்கு ஏறும் குழாயில் உடைப்பு இருக்கலாம். நிறைந்த பிறகு எல்லா வால்வையும் அடைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மட்டம் இறங்கினால் தொட்டியோ வால்வோ கசிகிறது. டேங்க் ஆபரேட்டர் வாரம் ஒருமுறை இதை நோட்டில் எழுதினால், மின்கட்டண பில்லில் கையெழுத்திடுபவருக்குக் கேட்கக் கேள்வி கிடைக்கும். இப்போது பெரும்பாலும் பில் வரும், பணம் போகும்.

பகலில் எரியும் தெருவிளக்குக்கு டைமர் மாட்டினால் தீர்ந்தது.

அடுத்தது சிமெண்ட் சாலை. 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனம் என்றால் 45 கன மீட்டர் கான்கிரீட். கனம் 12 செ.மீ. ஆனால் 36தான் ஆகும். ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது. ஓரத்தை அளந்து ஏமாறாதீர்கள். பலகை நிறுத்திய ஓரம் கனமாக இருக்கும், நடுவில் தரை மேடாக விடப்பட்டிருக்கும். கான்கிரீட் போடுமுன் இரு பலகைகளுக்கும் குறுக்கே நூல் கட்டி நடுவில் ஆழம் பார்க்க வேண்டும். முடிந்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகத்தில் ஏறிவிட்ட பிறகு, கனத்தை அறியச் சாலையைத் துளையிட்டுத்தான் பார்க்க வேண்டும். அதற்கு யாரும் முன்வருவதில்லை.

வேலைகளின் வரிசையும் பணம்தான். குழாய் முதலில், வாறுகால் (கழிவுநீர் வடிகால்) அடுத்து, சாலை கடைசி. இது தலைகீழானால் புதுச்சாலையை வெட்டிக் குழாய் பதிப்பார்கள். ஒட்டுப்போட்ட இடம் ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்வாங்கும். தலைகீழாவதற்குக் காரணம் பெரும்பாலும் அலட்சியம் அல்ல. ஒவ்வொரு நிதியும் ஒவ்வொரு திட்டத்தில், ஒவ்வொரு மாதத்தில் வருகிறது. மார்ச்சுக்குள் செலவழிக்க அவசரம் வேறு. 2021-26 காலத்துக்கான மத்திய 15-வது நிதி ஆணைய மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது, அதைச் சாலைக்குத் திருப்ப இடம் தரப்படவில்லை. ஆகவே தெருவாரியாக ஒரே பட்டியல் போட்டு, குழாயும் வாறுகாலும் முடியாத தெருவுக்குச் சாலை மதிப்பீடே தயாரிக்காமல் இருப்பது நல்லது.

மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் வரவு செலவு வாசிக்கும்போது மொத்தத் தொகையோடு விடாதீர்கள். எந்த மோட்டாருக்கு எத்தனை யூனிட், எந்தத் தெருவுக்கு எத்தனை கன மீட்டர் என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.