‘மஸ்ட்’ என்றால் ‘வேண்டும்’ என்று யார் சொன்னது?

சென்ற மாதம் திருப்பூரிலிருந்து என் மாணவி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில், ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராக இருக்கிறார். பேச்சைத் தொடங்கியதுமே குரல் உடைந்துவிட்டது. சாயப்பட்டறையிலிருந்து துணி வரத் தாமதமாகியிருக்கிறது. ‘ஷிப்மென்டை ஒரு வாரம் தள்ளிப்போட வேண்டியிருக்கலாம்’ என்று, சரக்கை வாங்கும் ஐரோப்பிய பையரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க நினைத்திருக்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் அவர் எழுதிய வரி: ‘வி மஸ்ட் கால் ஆஃப் தி ஷிப்மென்ட்.’ ஷிப்மென்டை ரத்து செய்தே தீர வேண்டும் என்று அதற்குப் பொருள். பத்தே நிமிடத்தில் பையர் முதலாளியை அழைத்துவிட்டார்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு 16 ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். இதே வகைத் தவறால் அடிபட்டு என்னிடம் வந்தவர்களில், இந்த ஆண்டில் மட்டும் இவர் நான்காவது ஆள். அவர் எழுதிய வரியில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. எந்தத் தேர்விலும் அதற்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். எனக்குக் கோபம் வருவதே அதனால்தான்.

‘கால் ஆஃப்’ என்பது ரத்து செய்வது, ‘புட் ஆஃப்’ என்பது தள்ளிப்போடுவது. இப்படி வினையோடு சிறு சொல் ஒட்டிவரும் ‘ஃப்ரேசல் வெர்ப்’ ஐந்நூறு அடங்கிய பட்டியலை வரிசையாக மனப்பாடம் செய்தவருக்கு இவை இரண்டும் குழம்பத்தான் செய்யும். இதற்காக நான் யாரையும் கடிந்துகொள்வதில்லை. வினையோடு ஒரு சிறு சொல்லை ஒட்டிப் பொருளையே மாற்றிவிடும் இந்த வழக்கம்தான் வெளிநாட்டாருக்கு மிகப் பெரிய இடைஞ்சல் என்று, 1755இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன் எழுதிவிட்டார். ஆங்கிலேயரே ஒப்புக்கொண்ட சிரமம் இது.

என்னால் பொறுக்க முடியாதது ‘மஸ்ட்’. ‘கேன் என்றால் முடியும், மே என்றால் லாம், மஸ்ட் என்றால் வேண்டும்’ என்று ஓர் அட்டவணை பள்ளிக்கூடச் சுவரிலும் கையேட்டிலும் பல ஆண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த அட்டவணைதான் இந்தப் பெண்ணை மாட்டிவிட்டது.

தமிழில் ‘வேண்டும்’ எத்தனை வேலை செய்கிறது என்று பாருங்கள். ‘இந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும்’ என்பது விதி. ஆங்கிலத்தில் ‘ஹேவ் டு ஃபில் இன்’ போதும். ‘எனக்கு விடுப்பு வேண்டும்’ என்பது ஆசை. அங்கே ‘மஸ்ட்’, ‘கேன்’, ‘மே’ போன்ற மோடல் வினையே (துணைவினையே) கிடையாது, ‘வான்ட்’ அல்லது ‘நீட்’ வரும். ‘அவர் இந்நேரம் கிளம்பியிருக்க வேண்டும்’ என்பது ஊகம்: ‘மஸ்ட் ஹேவ் செட் ஆஃப்’. ‘நீங்கள் அன்றே திருப்பி அழைத்திருக்க வேண்டும்’ என்பது மனக்குறை: ‘ஷுட் ஹேவ் கால்ட் பேக்’. கடைசி இரண்டும் தமிழில் ஒரே அச்சு, ஆங்கிலத்தில் வெவ்வேறு. குறையைச் சொல்ல நினைத்து ‘யூ மஸ்ட் ஹேவ் கால்ட் பேக்’ என்று எழுதினால், படிப்பவருக்கு ‘நீங்கள் திருப்பி அழைத்திருப்பீர்கள்’ என்றுதான் போய்ச் சேரும். நீங்கள் வருத்தப்பட்டதே அவருக்குத் தெரியாது.

எதிர்மறைக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். மஸ்ட் என்றால் வேண்டும், அப்படியானால் ‘மஸ்ட் நாட்’ என்றால் வேண்டாம் என்று கணக்குப் போடுகிறார்கள். தவறு. ‘மஸ்ட் நாட்’ என்றால் ‘கூடாது’. ‘வேண்டாம்’ என்பதற்கு ‘டோன்ட் ஹேவ் டு’ அல்லது ‘நீட் நாட்’. வெளிநாட்டு வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்த செவிலியர் ஒருவர், நோயாளியிடம் ‘இனி நீங்கள் வர வேண்டாம், குணமாகிவிட்டது’ என்று பேசிக் காட்டும் பயிற்சியில் ‘யூ மஸ்ட் நாட் கம் பேக்’ என்றார். திரும்பி இந்தப் பக்கம் வரக் கூடாது என்று விரட்டுகிற வாக்கியம் அது! அவர் முகத்தில் இருந்ததோ அத்தனை கனிவு. வகுப்பறை என்பதால் தப்பித்தோம்.

போதாக்குறைக்கு, ‘மஸ்ட்’ ஆங்கிலத்திலேயே தேய்ந்துவரும் சொல். 1961, 1991 ஆண்டுகளின் அச்சு ஆங்கிலத்தை ஒப்பிட்ட மொழியியலாளர் ஜெஃப்ரி லீச், ‘மஸ்ட்’, ‘மே’, ‘ஷல்’ ஆகியவற்றின் புழக்கம் கணிசமாகக் குறைந்திருப்பதைக் காட்டினார். ‘நீட் டு’வின் புழக்கமோ ஏறியிருந்தது. நாம் இன்னும் பழைய அட்டவணையைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

இத்தனைக்கும் தமிழர்களுக்கு இந்தப் பாடம் எளிதாக வர வேண்டும். ‘விட்டுக்கொடு’ என்கிறோம். அதில் விடுவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. ‘போட்டுக்கொடு’, ‘கைவிடு’, ‘பார்த்துக்கொள்’ எல்லாமே அப்படித்தான். பாதியைப் பிய்த்துப் பொருள் பார்க்க மாட்டோம். ‘கிவ் இன்’, ‘லுக் ஆஃப்டர்’ ஆகியவற்றையும் அப்படி முழுச் சொல்லாகவே விழுங்குங்கள். வரிசை மட்டும் கண்ணாடிப் பிம்பம் போலத் திரும்பி நிற்கும். ‘தள்ளிப்போட – வேண்டி – இருக்கலாம்’ என்பதைக் கடைசியிலிருந்து படியுங்கள்: ‘மைட் – ஹேவ் டு – புட் ஆஃப்’. என் மாணவி எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: ‘வி மைட் ஹேவ் டு புட் ஆஃப் தி ஷிப்மென்ட் ஃபார் எ வீக்.’ தமிழில் சரியாக நினைத்தவர், அந்த ‘இருக்கலாம்’ என்பதை ஆங்கிலத்தில் தொலைத்துவிட்டார்.

மரியாதை விஷயத்திலும் கவனம் தேவை. ‘அனுப்பு’, ‘அனுப்புங்கள்’ என்று வினையின் வாலிலேயே நாம் மரியாதையை வைத்துவிடுகிறோம். ஆங்கிலத்துக்கு அந்த வால் இல்லை. எல்லாருக்கும் ஒரே ‘யூ’. ஆகவே ‘குட்’, ‘வுட்’, ‘மைட்’ ஆகியவைதான் அந்தச் சுமையைத் தூக்குகின்றன. ‘ப்ளீஸ் சென்ட் இட் பேக்’ என்று எழுதிவிட்டு, ப்ளீஸ் போட்டேனே என்று கேட்காதீர்கள். ‘குட் யூ சென்ட் இட் பேக்?’ என்பதில் இருக்கும் பணிவு அதில் வராது.

இனி, தயவுசெய்து இவற்றை மட்டுமாவது நிறுத்துங்கள். ‘கேன் ஏபிள் டு’ வேண்டாம், இரண்டில் ஒன்று போதும். சமாளிப்பதற்கு ‘கோப் அப் வித்’ என்று ஒன்று இல்லை, ‘கோப் வித்’ மட்டுமே. ‘ஐ வில் பிக் அப் ஹிம்’ என்று சொல்லாதீர்கள். ‘ஹிம்’, ‘இட்’ போன்ற சிறு சொற்கள் நடுவில்தான் உட்காரும்: ‘பிக் ஹிம் அப்’. ஆனால் ‘லுக் ஆஃப்டர்’ போன்ற சில பிரியாது, ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ என்றே வரும். பட்டியல் புத்தகத்தை மூடிவையுங்கள். அதற்குப் பதிலாக, நாளை அலுவலகத்தில் உண்மையிலேயே சொல்லப்போகும் ஐந்து வாக்கியங்களை, யாரிடம் சொல்லப்போகிறீர்கள் என்ற பெயரோடு எழுதி, உரக்கப் படியுங்கள். ஆசிரிய நண்பர்களே, உங்களிடம் கெஞ்சியே கேட்கிறேன்: அந்தச் சுவர் அட்டவணையைக் கழற்றிவிடுங்கள்.

திருப்பூர் மாணவி அன்று மாலையே விளக்கம் சொல்லித் திருத்திய மின்னஞ்சலை அனுப்பினார். மறுநாள் காலை எனக்கு மீண்டும் அழைப்பு. பையர் ‘ஒன் வீக் ஷுட் ஒர்க் அவுட்’ என்று பதில் எழுதியிருக்கிறாராம். “ஷுட் என்கிறாரே சார், கட்டளை போடுகிறாரா?” என்று பதறினார். இல்லை அம்மா, ‘ஒரு வாரம் என்றால் ஒத்துவரும் என்றே நினைக்கிறேன்’ என்கிறார் என்று சொன்னேன்.